தாடை வீக்கமெல்லாம் பொன்னுக்கு வீங்கி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காதோரம் வீங்கினாலே பொன்னுக்கு வீங்கி என்று முடிவுகட்டி, கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுக் காத்திருக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதே இடத்தில்தான் மாசெட்டர் எனும் மெல்லும் தசையும் இருக்கிறது. கன்ன எலும்பின் வளைவில் தொடங்கிக் கீழ்த்தாடையின் மூலையில் பதியும் தடித்த தசை அது. தாடை மூலைக்குச் சற்று முன்னால் விரலை வைத்துப் பல்லைக் கடித்தால் கெட்டியாகத் திரளும், விட்டால் அடங்கும்.

பெருத்திருப்பது அந்தத் தசைதான் என்றால், கடிக்கும்போது வீக்கமும் கல்லாக இறுகும். காய்ச்சல் இருக்காது, மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்திருக்கும். தூக்கத்தில் பல்லை நறநறப்பவர்களுக்கும், சொத்தைப் பல்லுக்குப் பயந்து ஒரே பக்கமாக மெல்பவர்களுக்கும் இப்படி வரும்.

பொன்னுக்கு வீங்கியில் வீங்குவது பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பி. தசையின் பின்பாதி மேல் படர்ந்து காதுக்குக் கீழே இறங்குவதால், காது மடலின் நுனியை அது வெளியே தள்ளும். தாடை மூலைக்குப் பின்னாலுள்ள பள்ளம் நிரம்பிவிடும். பல்லைக் கடித்தாலும் வீக்கம் இறுகாது, புளிப்பு பட்டால் வலிக்கும். வீக்கம் தொடங்கியபின் 5 நாள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது.

எங்களுக்குக் கவலை தருவது மூன்றாவது வகை. கீழ் ஞானப்பல்லைச் சுற்றிப் பிடித்த தொற்று, மாசெட்டருக்கும் தாடை எலும்புக்கும் இடையே இறங்கிச் சீழ்கட்டும். ஆழத்தில் இருப்பதால் வெளியே வீக்கம் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் தசை இறுகி வாய் பூட்டிக்கொள்ளும். வாயைத் திறந்து, சொந்தக் கையின் நடு மூன்று விரல்களை மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே ஒன்றன்மேல் ஒன்றாக நுழைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 4 செ.மீ. திறக்க வேண்டும். ஒரு விரலுக்கே இடமில்லை, காய்ச்சலும் அடிக்கிறது, எச்சில் விழுங்கவும் முடியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தொற்று தொண்டைப் பக்கம் பரவினால் மூச்சுக்குழாய் அடைபடும். கடையில் வாங்கும் வலி மாத்திரை சீழை வெளியேற்றாது. தசை வலிக்கு இதமான சுடுஒத்தடமும் இங்கே வேண்டாம்.

இந்த இடத்தைப் பயிற்சி இல்லாதவர் கீறுவது மிகவும் தவறு. முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகளும் உமிழ்நீர்க் குழாயும் இதே தசையின் மேல்தான் ஓடுகின்றன. நரம்பு அறுந்தால் வாய் கோணும். குழாய் அறுந்தால் கன்னத்தில் எச்சில் கசியும்.

பல் வலியே இல்லாமல், அண்மையில் காயம்பட்ட ஒருவருக்கு இரண்டு பக்கமும் தாடை இறுகினால் அது ரணஜன்னி எனும் டெட்டனஸ் நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அவரை நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பொன்னுக்கு வீங்கி பற்றிச் செய்தி வெளியிடும்போதெல்லாம், பல்லைக் கடித்துப் பார்ப்பதையும் மூன்று விரல் சோதனையையும் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகச் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பல் மற்றும் தாடை அறுவை மருத்துவர்கள் சிலர்,
மதுரை