சடையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போ

பாப்பா,

மூன்று வாரமாக இருமல், டாக்டர் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று நேற்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

வெறும் வயிறா என்று கேட்டாயே, நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு அது வேண்டாம். இட்லி சாப்பிட்டுவிட்டே போ.

தலைக்குக் குளித்துவிட்டு ஈரச் சடையோடு மட்டும் போகாதே. நீ ஆறாவது படிக்கும்போது எனக்கு எடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? வலது பக்கம் மேலே கோடு கோடாக நிழல், டி.பி.யாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் உன்னைப் பக்கத்தில் படுக்கவிடாமல், தனித் தட்டு, தனி டம்ளர் என்று நான் பட்ட பாடு! அப்புறம் வேறொரு டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சடையை முன்னால போட்டிருந்தீங்களா?" என்றார். உச்சியில் கொண்டை போட்டு மறுபடி எடுத்தால் ஒன்றுமே இல்லை. எடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

தாலிக்கொடியை, அதில் நீ மாட்டி வைத்திருக்கும் ஊக்குகளோடு சேர்த்து, வீட்டிலேயே கழற்றி பீரோவில் வைத்துவிடு. உன் அத்தை ஏதாவது சொன்னால் நான் சொன்னதாகச் சொல். உலோகம் எதுவானாலும் படத்தில் விழும். எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்கன் 1895இல் தன் மனைவி கையை எடுத்த படத்திலேயே எலும்போடு மோதிரமும் தெரிகிறது. (வாத்தியார் புத்தி, விடாது.)

நெஞ்சைத் தகட்டோடு ஒட்டி நிற்கவைத்து மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லுவார்கள். அந்த நேரம் பார்த்து இருமல் வந்தால் சொல்லிவிடு, ஆடினால் படம் கலங்கிவிடும். கதிர்வீச்சு என்று பயப்படாதே. சும்மா வீட்டில் இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் பத்து நாளில் நம் மேல் படுகிற அளவுதான் அது.

ஆனாலும் ஒன்று. நாள் தள்ளிப் போயிருந்தால், உள்ளே போகும் முன்பே எடுப்பவரிடம் சொல்லிவிடு, அவர்களே கேட்கட்டும் என்று காத்திருக்காதே. என்னிடம் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

படம் கைக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. எனக்கு அதைப் பார்த்து ஒன்றும் புரியப்போவதில்லை, சடை விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா