பற்றரி மேல் போட்ட பழி

மச்சான்,

ஆறு மாதமாகப் பதில் போடாத கழுதை என்று நீ ஏசியது மொட்டை மூலம் வந்து சேர்ந்தது. பிழை என்னுடையதுதான். எல்லாரும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும். இனி விசயத்துக்கு வருகிறேன்.

அக்காவின் இளையவன் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு என்னோடு வந்து நிற்கிறான். விடிந்தால் கிற்றார், பொழுதுபட்டால் கிற்றார். போனில் இந்தக் காலத்துக் கிற்றார்காரர் டிம் ஹென்சனையும், எட்டுக் கம்பியைக் கட்டைவிரலால் அடிக்கிற டோசின் அபாசியையும் பார்த்துப் பார்த்து வாசிக்கிறான். முந்தாநாள், "மாமா, ஹென்றிக்ஸை இப்ப சின்னப் பிள்ளைகளே வாசிக்குதுகள்" என்றான். நாம் கும்பிட்ட கிற்றார்காரன் ஜிமி ஹென்றிக்ஸைச் சொல்கிறான், எனக்குக் கொதித்தது. ஆனால் விரல் வேகத்திலும் சுத்தத்திலும் இவர்கள் தாண்டிவிட்டார்கள் மச்சான், ஹென்றிக்ஸை மிஞ்ச ஆளில்லை என்று டச் பே மணலில் நாம் பிடித்த சண்டையெல்லாம் வீண். வலக்கை விரலாலும் கம்பியைத் தட்டுகிறானே, எங்கே பழகினாய் என்றால், "எல்லாரும் செய்யிறதுதானே" என்கிறான். 1978இல் எடி வான் ஹேலன் 1 நிமிடம் 42 செக்கன் கிற்றார்த் துண்டு ஒன்றில் அதைக் காட்டியபோது உலகமே வாய் பிளந்தது இவனுக்குத் தெரியாது. சரி, ரோட்டுப் போட்டவன் பேரைக் கேட்டுவிட்டா நாம் நிலாவெளிக்கு பஸ் ஏறுகிறோம்?

அப்புறம் நேற்று இரவு கரண்ட் போனது. பழைய கிற்றாரை எடுத்து ஹென்றிக்ஸின் லிற்றில் விங் பாட்டைத் தொடங்கினேன், அந்தக் காலம் போலவே எல்லாக் கம்பியையும் அரைச் சுரம் இறக்கி. கசற்றோடு நம் கிற்றார் சுருதி சேராதே, பற்றரி செத்து ரேப் மெல்லச் சுற்றுகிறது என்று முடிவு கட்டி, பற்றரிகளை வெயிலில் காய வைத்து, அதுவும் சரிவராமல் கம்பியை இறக்கினோமே, பற்றரி விற்ற கடைக்காரனை வருசக்கணக்கில் ஏசினோமே. பெடியன் இருட்டில் இருந்து, "சரியா இறக்கியிருக்கிறீங்கள் மாமா, ஆர் சொல்லித் தந்தது?" என்றான். ஹென்றிக்ஸ் அந்த 1967 தட்டில் உண்மையாகவே அரைச் சுரம் இறக்கித்தான் வாசித்திருக்கிறானாம்! முப்பது வருசம் மச்சான். பற்றரியில் ஒரு பிழையும் இல்லை.

பிறகு இவனும் சேர்ந்து வாசித்தான், என்னைவிட நூறு மடங்கு சுத்தம். ஆனால் இரண்டரை நிமிடம்கூட இல்லாத பாட்டு அது, இன்னும் கொஞ்சம் என்று மனம் கேட்கும்போதே மங்கிப் போய்விடும். இவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை, கரண்ட் வரும்வரை ஓடினான். 27 வயதில், 1970இல் செத்துப்போனவனை, அவனைக் கேட்டே வளர்ந்தவர்களோடு ஓட்டப்பந்தயம் விடுவது அநியாயம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. நல்லாத்தான் வாசித்தான்.

ஆடிக்கு வரும்போது 2 செற் கம்பி கொண்டு வா. இங்கே உப்புக்காற்றில் மூன்றாம் கிழமையே துரு. இன்று காலை பெடியன் பழைய கம்பியை அழுக்குப் போகட்டும் என்று சட்டியில் போட்டு அவிக்க, அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உன்ர சிநேகிதன் வைக்கிற சூப்போடா இது?" என்று கேட்டா.