ஸ்டொக்ஹோமுக்கு வந்த புத்தகமும் அம்மாவின் சொப்பிங் பேக்கும்

அன்பின் மச்சான்,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். 2024 நவம்பரில் சுவீடன் அரசு 50 இலட்சத்துக்கு மேல் அடித்து வீட்டுக்கு வீடு அனுப்பிய, போரோ நெருக்கடியோ வந்தால் என்ன செய்வது என்ற புத்தகம், அதை வாசித்துவிட்டுத் தங்கச்சி ஒரு கிழமைக்குத் தண்ணீர் அடுக்கிவிட்டா என்று எழுதியிருந்தாய், சிரிப்புத்தான் வந்தது. மட்டக்களப்பில் பங்கருக்குள் கிடந்து வளர்ந்தவளுக்கு இதையெல்லாம் புத்தகம் அடித்துச் சொல்லவேணுமா?

ஆனால் நல்ல புத்தகம்தான். பதுங்கிடம், இரத்தத்தை நிறுத்தும் விதம், பிள்ளைகளோடு பேசுவது, தண்ணீர் நின்றால் கக்கூசுக்கு என்ன செய்வது என்பது வரைக்கும் இருக்கிறது. ஒரு வரியில்தான் எனக்கு இடறிற்று. நாங்கள் ஒருநாளும் பணியமாட்டோம், அப்படியில்லை என்று எது வந்தாலும் பொய் என்கிறார்களே, அது. நாளைக்கு வரப்போகிற செய்தியை இன்றைக்கே பொய் என்று சொல்லிவைப்பது! சரி, எதிரியும் கதை பரப்புவான், விளங்குது. என்றாலும் எங்களுக்குப் பழைய பழக்கம், அரசாங்கம் 'நம்பு' என்றால் கை தானாக ரேடியோவின் மற்றப் பக்கத்தைத் திருப்பும்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி நம்முடைய கடலில் பிரித்தானியரின் ஹேர்மிஸ் போர்க்கப்பலைக் குண்டு போட்டு மூழ்கடித்தார்களே ஜப்பான்காரர், அவர்கள் தங்கள் சனத்துக்குச் சொன்னது இதைவிட மோசம். அதற்கு முந்திய நவம்பரிலேயே வான் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். தெம்புள்ளவர்கள் நகரத்தை விட்டு வெளிக்கிடுவதைத் தடுக்கலாம், குண்டு விழுந்தால் நின்று தீயை அணைக்கவேணும். அயல் வீடுகளைக் குழுவாக்கி, பெண்களை வரிசையில் நிற்கவிட்டு வாளி கைமாற்றப் பழக்கினார்கள், தீக்குண்டு அப்படியொன்றும் பயப்படுகிற சாமான் இல்லை என்று. 1945 மார்ச் 10, ஒரே இரவு, அமெரிக்கரின் தீக்குண்டில் டோக்கியோவில் ஏறக்குறைய 1 இலட்சம் பேர் செத்தார்கள். வாளியோடு நின்றவர்கள் எத்தனை பேரோ.

அதனால் இப்படி எந்தப் புத்தகம் வந்தாலும் எப்படி நிற்பது என்பதை விட்டுவிட்டு, எப்படி ஓடுவது என்று எழுதியிருக்கா என்றுதான் நான் முதலில் தேடுவேன். கோழைத்தனம் என்பாய், சொல்லு. 1990இல் இங்கே சண்டை மூண்டபோது எங்களுக்கு யார் துண்டுப் பிரசுரம் தந்தது? அம்மா இரண்டு பக்கத்து ரேடியோவையும் கேட்பா, இரண்டையும் நம்பமாட்டா, படலையில் நின்று ரோட்டைப் பார்ப்பா. மூலைக்கடை முதலாளி சாமான் ஏற்றினால் எங்கள் வீட்டிலும் சொப்பிங் பேக் இறங்கும்: காணி உறுதி, அடையாள அட்டை, குடும்ப அட்டை, கொஞ்சம் சீனி. அவ்வளவுதான் எங்கள் சிவில் பாதுகாப்பு.

அந்தப் பை இன்னும் அலுமாரிக்கு மேலேதான் கிடக்கிறது. போன கிழமை தூசு தட்ட இறக்கினேன். உள்ளே என் பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் இருக்கிறது, எப்போது வைத்தாவோ தெரியாது.

மற்றவை உன் பதில் கண்டு.

உன் மச்சான்,
கல்லடி