வலையில் மடியும் கடலுயிர்களுக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் கிழக்குக் கரையோரத்தில் நடக்கும் சட்டவிரோத மீன்பிடி பற்றி நமது பத்திரிகைகளில் வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாகவே இருக்கின்றன: இத்தனை பேர் கைது, இத்தனை தங்கூசி (ஒற்றை இழை நைலோன்) வலைகள் பறிமுதல், சந்தேகநபர்கள் நீதிமன்றில் ஆஜர். அவை வேண்டிய செய்திகள்தாம். ஆயினும் அந்த வலைகளில் மீனைத் தவிர வேறு எவை அகப்பட்டு மாண்டன என்று எவரும் கேட்பதில்லை. வாகரையிலிருந்து பாணமை வரையான கரையில் ஆண்டொன்றுக்கு எத்தனை ஆமைகள், எத்தனை ஓங்கில்கள் (டொல்பின்கள்) வலைக்குப் பலியாகின்றன என்பதைப் பொதுமக்கள் பார்த்தறியக்கூடிய கணக்கொன்று இதுவரை என் கண்ணில் பட்டதில்லை.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிற்காலத் திருத்தங்களோடு சேர்ந்து, இலங்கைக் கரைகளில் முட்டையிடும் ஐந்து வகைக் கடலாமைகளுக்கும், திமிங்கிலம், ஓங்கில், ஆவுளியா (கடற்பசு) ஆகியவற்றுக்கும் பாதுகாப்பளிக்கிறது. வெடிபொருளும் நஞ்சும் பயன்படுத்தி மீன்பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் தடைசெய்கிறது. நமது மட்டக்களப்பு மாவட்டத்திலேயே காயான்கேணி முருகைக்கற்பாறை (பவளப்பாறை)ப் பகுதி 2019இல் கடல்சார் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. இவ்வளவும் இருந்தும், கரையில் நடப்பது வேறு.

கரைவலை இழுக்கும் ஒரு காலைப்பொழுதை நினைத்துப் பாருங்கள். வலையின் பைப்பகுதியான மடி கரையைத் தொடும் நேரத்தில் உள்ளே ஓர் ஆமை உயிரோடு கிடந்தால், இழுத்தவர்களில் ஒருவர் கத்தியை எடுத்து வலைக்கண்களை அறுத்து அதைத் தண்ணீரில் விட்டுவிடுவார். பொத்தல் விழுந்த மடியைப் பொத்துவதற்குள் அடுத்த வளைப்பு தாமதமாகும், அந்த நட்டம் வலையின் உடைமையாளரான சம்மாட்டிக்கும் தொழிலாளிக்கும்தான். இதை மனமுவந்து செய்பவர்கள் நம் கரையில் நிறையப் பேர் உள்ளனர். ஆனால் இரவு முழுவதும் ஆழ்கடலில் மிதக்கவிட்ட, மீனைச் செவுளில் சிக்கவைக்கும் செவுள்வலையில் அகப்பட்ட ஆமையின் கதை அப்படியல்ல. ஓய்ந்திருக்கையில் மணிக்கணக்கில் நீருக்கடியில் தங்கவல்ல அந்த உயிர், வலையில் சிக்கித் திமிறும்போது வெகுவிரைவில் மூச்சடைத்துச் செத்துவிடும். விடியற்காலையில் வலையை இழுப்பவர் கையில் வருவது உடல்தான். அதைக் கரைக்குக் கொண்டுவந்து வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லப்போனால், பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை வைத்திருந்த குற்றம் தன்மேல் விழுமோ என்று அவர் அஞ்சுகிறார். ஆகவே உடல் கடலிலேயே வீசப்படும். இல்லையேல் வெட்டப்பட்டு, இறைச்சியாக எங்கோ கைமாறும். இரண்டில் எது நடந்தாலும் கணக்கில் ஏறப்போவதில்லை.

இது நம் கரைக்கு மட்டும் உரிய குறையன்று. இந்து சமுத்திரத்தில் சூரை, கெளவல்லா (மஞ்சள் துடுப்புச் சூரை) முதலியவற்றுக்கு இடப்படும் செவுள்வலைகளில் 1950 முதல் 2018 வரை அண்ணளவாக 41 இலட்சம் ஓங்கில்களும் ஏனைய சிறு திமிங்கிலங்களும் அகப்பட்டிருக்கும் என்று ஆய்வாளர்கள் 2020இல் மதிப்பிட்டார்கள். அதில் பெரும்பங்குக்குப் பொறுப்பான நாடுகளின் வரிசையில் இலங்கையும் உண்டு. மதிப்பீடு என்றுதான் சொல்லமுடிகிறது; படகுகள் அவற்றைப் பதிந்து வைத்திருந்தால் மதிப்பிடவேண்டிய தேவையே வந்திராது.

பொய்க்கணக்கு எவ்வளவு பெரிய அழிவை மறைக்கும் என்பதற்குத் திமிங்கில வேட்டையின் வரலாறே சாட்சி. சோவியத் ஒன்றியத்தின் வேட்டைக் கப்பல்கள் 1960களின் நடுப்பகுதியில் அரபிக்கடலில் மட்டும் 242 கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றன. சர்வதேச திமிங்கில ஆணைக்குழுவுக்கு அவர்கள் கொடுத்த அறிக்கைகளில் இந்த உண்மை இருக்கவில்லை. உலகக் கடல்களெங்கும் அவ்விதம் மறைக்கப்பட்டவை ஏறத்தாழ 180,000 என்பது சோவியத் விஞ்ஞானிகளே 1990களில் ஒளித்துவைத்த பதிவுகளை வெளியிட்ட பின்னர்தான் துலங்கியது. இதற்கிடையில் 1979இல், சீஷெல்ஸ் நாட்டின் முன்மொழிவின் பேரில் இந்து சமுத்திரம் திமிங்கில சரணாலயமாக்கப்பட்டது. 1982இல் தீர்மானிக்கப்பட்ட வணிக வேட்டைத் தடை 1986இல் நடைமுறைக்கு வந்தது. இன்று திருகோணமலைக்கு அப்பால் உலவும் நீலத் திமிங்கிலத்தையும் எண்ணெய்த் திமிங்கிலத்தையும் தேடி இந்தக் கடலுக்கு ஈட்டிக் கப்பல் வருவதில்லை. எனினும் வலையும் கப்பல் மோதலும் அந்தச் சரணாலயத்தின் எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை.

கணக்கு வைப்பது நம்மால் ஆகாத காரியம் என்று எவரும் சொல்லவேண்டாம். ஆழ்கடலில் நமது படகுகள் விதிமீறுவதைக் கட்டுப்படுத்தவில்லை என்று கூறி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடைபோட்டபோது, ஆழ்கடல் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவியும் பயணப் பதிவேடும் எவ்வளவு விரைவாக வந்தன! 2016இல் தடை நீங்கியது. ஏற்றுமதி வருமானத்துக்காகச் செய்ய முடிந்ததை ஆமைக்காகவும் ஓங்கிலுக்காகவும் செய்ய மனமில்லை என்பதே உண்மை. அமெரிக்காவோ, தனக்கு மீன் விற்கும் நாடுகள் வலையில் மடியும் கடற்பாலூட்டிகளைப் பற்றிக் கணக்குக் காட்டவேண்டும் என்று 2016இல் விதி வகுத்துவிட்டது. இன்று நாமாகச் செய்யாததை நாளை வாங்குபவன் சொல்லிச் செய்யவேண்டியிருக்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லவேண்டும். தவறுதலாக வலையில் அகப்படுவதும் வேண்டுமென்றே அழிப்பதும் ஒன்றல்ல. டைனமைட் வீசுபவருக்கு நான் ஒருபோதும் பரிந்துபேசமாட்டேன். வெடியதிர்ச்சியில் மீனின் காற்றுப்பை வெடித்துவிடுவதால் செத்தவற்றில் கணிசமானவை மிதக்காமல் அடிக்குப் போய்விடுகின்றன. வீசியவர் அள்ளுவது கொன்றதில் ஒரு பங்குதான், முருகைக்கற்பாறையோ பாழ். நம் சந்தையில் மீன் வாங்கிப் பழகிய எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அந்த மீனை இனங்காட்டுவார்: வயிற்றைக் கீறினால் உள்ளே இரத்தம் உறைந்து கிடக்கும், நடுமுள் முறிந்து சதை தளர்ந்திருக்கும். சந்தையில் இவ்வளவு எளிதாகத் தெரிவது பரிசோதகரின் கண்ணில் மட்டும் படாதிருப்பது வியப்புத்தான். வெடிமருந்து கடலில் விளைவதில்லை, தரைவழியாகவே வருகிறது. அது எவர் கையிலிருந்து வெளியேறுகிறது என்று தேடாமல் படகில் இருந்த கூலிக்காரனை மட்டும் பிடித்துப் பயனில்லை.

நான் கேட்பது இதுதான். வலையில் தவறுதலாக அகப்பட்டு இறந்த ஆமை, ஓங்கில் முதலியவற்றை இருபத்துநான்கு மணிநேரத்துக்குள் அறிவிக்கும் கடற்றொழிலாளிமீது வழக்குத் தொடர்வதில்லை என்று வனசீவராசிகள் திணைக்களமும் கடற்றொழில் திணைக்களமும் கூடி எழுத்தில் அறிவிக்கவேண்டும். அதற்கான பதிவேடு அலுவலகத்தில் அன்றி, அந்தந்தக் கிராமத்துக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கட்டும். இடம், வலையின் வகை, உயிரினம், உயிரோடு விடப்பட்டதா என்ற நான்கு விபரங்கள் போதும். உடலை ஒப்படைத்த பின் அதை விற்க வழியில்லாதபடி புதைப்பதற்குக் கிராம உத்தியோகத்தரின் சாட்சியம் பெறலாம். அறிவிக்காமல் இறைச்சியை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சட்டம் முழுக் கடுமையோடு பாயட்டும். ஆமையை விடுவிப்பதற்காக வலையை அறுத்தவருக்கு அந்த வலைக்கு ஈடாக ஒரு சிறு தொகை கிடைக்குமானால், கரையில் எவரும் இரண்டாம் முறை யோசிக்கமாட்டார்கள்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் கடற்றொழில் பற்றிப் பேசப்படும்போதெல்லாம் மானிய எண்ணெயும் படகுத் துறையுமே முன்னிற்கின்றன. அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் தங்கள் செய்தியாளர், கடந்த ஆண்டில் எத்தனை கடலாமைகள் வலையில் இறந்ததாகப் பதிவாகியுள்ளது என்ற ஒரே கேள்வியை இரு திணைக்கள அதிகாரிகளிடமும் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே பிரசுரிக்குமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.