முன்னே வருவதற்கு மட்டும் புள்ளி கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் குத்துச்சண்டையில் நடந்த அநியாயத் தீர்ப்புகள் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் 1987-ல் மார்வின் ஹேக்லரும் சுகர் ரே லெனார்டும் மோதிய சண்டையையும் சேர்த்திருந்தீர்கள். ஹேக்லர் கடைசிவரை துரத்தினார், லெனார்டு ஓடினார், ஓடியவருக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்ற அளவில் அது முடிந்துவிட்டது. நான் அந்தச் சண்டையைப் பல தடவை பார்த்தவன். அது அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடிய சண்டை இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஏப்ரல் 6, லாஸ் வேகாஸ், சீசர்ஸ் பேலஸ். ஹேக்லர் 1980-லிருந்து மிடில்வெயிட் என்ற நடுத்தர எடைப் பிரிவில் உலக சாம்பியன், பதினோரு வருடமாகத் தோல்வியே பார்க்காதவர். லெனார்டு விழித்திரை அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் ஒரே ஒரு சண்டை போட்டவர். பன்னிரண்டு சுற்று முடிந்ததும் ஒரு நடுவர் ஹேக்லருக்கு 115-113, இன்னொருவர் லெனார்டுக்கு அதே 115-113, மூன்றாமவர் லெனார்டுக்கு 118-110 என்று எழுதியிருந்தார். இந்த எண்களைச் சுற்றுகளாக மாற்றிப் பாருங்கள். சுற்றில் ஜெயித்தவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது. அப்படியென்றால் 115-113 என்பது ஏழு சுற்றுக்கு ஐந்து சுற்று, 118-110 என்பது பத்துக்கு இரண்டு. முதல் இரண்டு நடுவர்களும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்றாலும் அவர்களுக்குள் வித்தியாசம் இரண்டே சுற்றுதான், அந்த இரண்டு சுற்றும் யார் பக்கம் வேண்டுமானாலும் போயிருக்கும். ஆனால் பத்துக்கு இரண்டு என்பதை எப்படிப் பார்த்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. அநியாயம் என்று ஒன்றைச் சொல்வதானால் அந்த ஒரு தாளைச் சொல்லலாம், முடிவைச் சொல்ல முடியாது.

நம் ஊரில் சண்டை பார்க்கிறவர்களுக்கு ரோஷம் பிடிக்கும். பின்வாங்காமல் மேலே மேலே போகிறவன்தான் வீரன் என்று சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிவிட்டோம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் புள்ளி போட உட்கார்ந்தால் கணக்கு வேறு. தொழில்முறைக் குத்துச்சண்டையில் நான்கு விஷயம் பார்க்கச் சொல்கிறார்கள்: சுத்தமாக விழுந்த குத்து, பலன் தரும் தாக்குதல், ரிங்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது, தற்காப்பு. இரண்டாவதில் உள்ள "பலன் தரும்" என்ற சொல்லை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மூன்று நிமிடமும் முன்னே வந்துகொண்டே இருந்து, வீசிய குத்தெல்லாம் கிளவுஸ் மேலும் தோள் மேலும் காற்றிலும் போனால், வந்ததற்காக மட்டும் ஒரு புள்ளியும் கிடையாது. அதே மாதிரி, அழகாக விலகிக்கொண்டே இருந்து திருப்பி ஒன்றும் கொடுக்காவிட்டால் அதற்கும் கிடையாது. விலகினான், விலகிய கையோடு முன்கையால் நேராக ஒரு ஜாப் வைத்தான் என்றால்தான் அது சுற்றை ஜெயிக்கிற தற்காப்பு.

ஹேக்லர் அன்று செய்த பெரிய தவறு ஆரம்பத்திலேயே நடந்துவிட்டது. பிறவியிலேயே அமைந்த மாதிரி இடதுகைக்காரர் நிலையில் நின்று ஆடுகிறவர், முதல் இரண்டு சுற்றுகளை வலதுகைக்காரர் மாதிரி நின்று ஆடி வீணடித்தார். லெனார்டு சுற்றிச் சுற்றி வந்து அந்தச் சுற்றுகளை எடுத்துக்கொண்டார். நாலாவது சுற்றில் வலது கையைச் சக்கரம் மாதிரி சுழற்றி வயிற்றில் ஒரு குத்து விட்டபோது கூட்டம் எழுந்தே நின்றது. ஐந்தாவதில்தான் ஹேக்லர் கீழிருந்து மேலே தாடைக்கு ஒரு நல்ல அப்பர்கட் வைத்து லெனார்டை ஆட்டினார், அங்கிருந்து சண்டை சமமானது. ஒன்பதாவது சுற்றை இதுவரை பார்க்காதவர்கள் அதை மட்டுமாவது பார்க்க வேண்டும். மூலையில் மாட்டிக்கொண்ட லெனார்டு ஓடவில்லை, நின்று திருப்பி அடித்து வெளியே வந்தார். அந்தச் சுற்று ஹேக்லருடையது என்றுதான் நான் எழுதியிருக்கிறேன், ஆனால் ஓடுகிற ஆள் செய்கிற வேலையா அது?

லெனார்டின் இன்னொரு உபாயமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுற்று முடிய முப்பது விநாடி இருக்கும்போது அவருடைய மூலையில் நிற்கும் பயிற்சியாளர்களிடமிருந்து குரல் வரும், உடனே இரண்டு கையாலும் சரமாரியாகக் குத்துவார். பாதிக்கு மேல் பெரிய பலம் இல்லாத குத்து. ஆனால் மணி அடித்ததும் நடுவர் தாளில் எழுத வேண்டும், அவர் கண்ணில் கடைசியாக நிற்பது அந்தக் காட்சி, காதில் நிற்பது கூட்டத்தின் கூச்சல். நான் ஒரு தடவை சத்தத்தோடு பார்த்து நோட்டில் எழுதினேன், லெனார்டுக்கு ஏழு, ஹேக்லருக்கு ஐந்து வந்தது. சில நாள் கழித்து சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பார்த்தேன், ஆறுக்கு ஆறு. ஆட்டம் அதே ஆட்டம், பார்த்தவனும் நான்தான்.

நடுவர் உட்காரும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏழெட்டு வருடங்களுக்கு முன் உள்ளூர்ப் போட்டிகளில் ரிங் ஓரம் உட்கார்ந்து புள்ளி போட்டிருக்கிறேன். டிவியில் நாம் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றிப் பார்க்கிறோம், கீழே ஒரே நாற்காலியில் இருப்பவருக்குக் கயிறும், பல நேரம் ஒரு பாக்சரின் முதுகும்தான் தெரியும். முதுகு உங்கள் பக்கம் இருந்தால் தோள் அசைவது தெரியும், குத்து எங்கே விழுந்தது என்பது தெரியாது. அப்போது காது தானாகவே வேலை செய்ய ஆரம்பிக்கும். கிளவுஸ் மேல் கிளவுஸ் பட்டால் பளார் என்று கேட்கும், தாடையில் சரியாக விழுந்த குத்துக்கு அந்த அளவு சத்தமே வராது. இது தெரிந்தும் ஒருநாள் சத்தத்தை நம்பி, முன்னே வந்துகொண்டே இருந்த பையனுக்கு ஒரு சுற்றைக் கொடுத்துவிட்டேன். இறங்கி வந்தபோது இரண்டு பேர் முகத்தையும் பக்கத்தில் பார்த்தேன். ஜெயித்தவன் முகம் கன்றிச் சிவந்திருந்தது, தோற்றவன் முகத்தில் ஒரு கீறல் இல்லை. அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

சரி, அப்படியென்றால் குத்தை எண்ணிவிட வேண்டியதுதானே என்று கேட்பார்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்து வைத்தார், எதிராளி 32, ஆனாலும் கொரியக்காரருக்குத் தங்கம் போனது. அதை அநியாயம் என்று எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்குப் பிறகு 1992-லிருந்து பட்டன் முறை கொண்டுவந்தார்கள், ஐந்து நடுவரில் மூன்று பேர் ஒரே விநாடிக்குள் அழுத்தினால்தான் புள்ளி. விளைவு என்ன? வயிற்றுக் குத்தும் தொடர் குத்தும் கணக்கில் சரியாக ஏறவில்லை, தொட்டுவிட்டு விலகுகிற ஆட்டம் வளர்ந்தது. கடைசியில் 2013-ல் அதைக் கைவிட்டுப் பத்துப் புள்ளி முறைக்கே வந்தார்கள். எண்ணிக்கை கொஞ்சம் உதவும், குத்தின் தரத்தை மனிதக் கண்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. 1979-ல் இதே ஹேக்லர் முதல் தடவையாக உலகப் பட்டத்துக்கு வீட்டோ ஆன்டுஃபெர்மோவோடு மோதினார். அன்று விலகி விலகிச் சுத்தமாகக் குத்தியவர் ஹேக்லர், முகமெல்லாம் ரத்தத்தோடு முட்டி மோதிக்கொண்டு முன்னே வந்தவர் ஆன்டுஃபெர்மோ. பதினைந்து சுற்றுக்கு அப்புறம் ஒரு நடுவர் இவருக்கு, ஒருவர் அவருக்கு, ஒருவர் சமம் என்று எழுத, சண்டை டிரா ஆகிப் பட்டம் பழைய சாம்பியனிடமே தங்கிவிட்டது. ஹேக்லருக்கு அன்று அநியாயம் நடந்தது என்று சொல்கிறவர்கள்தான், 1987-ல் முன்னே வந்தவர் என்பதற்காக அதே ஹேக்லருக்குப் பட்டம் கேட்கிறார்கள். எந்த அளவுகோலை வைத்தாலும் இரண்டு நாளும் அதையே வைக்க வேண்டாமா?

நம் மேரி கோம் விஷயத்திலும் இதே குழப்பம் வந்தது. 2021 டோக்கியோவில் கொலம்பியாவின் வலென்சியாவோடு ஆடியபோது முதல் சுற்றில் நான்கு நடுவர்கள் எதிராளிக்குக் கொடுத்தார்கள், அடுத்த இரண்டு சுற்றும் மூன்றுக்கு இரண்டு என்று மேரிக்கு வந்தன. இரண்டு சுற்று ஜெயித்தவர் எப்படித் தோற்றார் என்று ஊரே கேட்டது. ஒவ்வொரு நடுவரும் தன் தாளில் மூன்று சுற்றையும் கூட்டி ஒருவரை ஜெயித்தவர் என்று சொல்கிறார், அந்தத் தாள்கள் மூன்றுக்கு இரண்டு என்று வலென்சியா பக்கம் போயின. முதல் சுற்றில் விட்டது அங்கே வந்து நின்றது. இதை ஒரு சின்னக் கட்டம் போட்டு அச்சடித்திருந்தால் பாதிப் பேர் புரிந்துகொண்டிருப்பார்கள்.

நான் கேட்பதும் அதைத்தான். பிளவுத் தீர்ப்பு, அதாவது நடுவர்கள் ஒருமனதாக இல்லாத தீர்ப்பு, வந்த சண்டைகளுக்குச் சுற்றுவாரியான புள்ளி வெளியாகிறது. செய்தியோடு அந்தக் கட்டத்தையும் போடுங்கள், எந்தச் சுற்றில் நடுவர்கள் பிரிந்தார்கள், அந்தச் சுற்றில் என்ன நடந்தது என்று நான்கு வரி எழுதுங்கள். ஹேக்லர் அந்த இரவுக்குப் பிறகு ரிங்கில் ஏறவே இல்லை, 2021-ல் இறந்தும் போனார். அவர் மேல் எனக்கு உள்ள மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. அடுத்த தடவை அந்தச் சண்டையைப் பற்றி எழுதும்போது அந்த மூன்று தாள்களையும் சேர்த்து அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஒரு நீண்டகால வாசகர்,
ராயபுரம், சென்னை-13