18 டாலருக்கு 160 ஏக்கர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க மேற்குக் குடியேற்றம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, குடியேறுவோருக்கு அரசு நிலம் வழங்கிய 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டத்தை ‘விரும்பியவர்க்கெல்லாம் 160 ஏக்கர் இலவசம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பள்ளி மாணவர்களும் படிக்கும் பகுதி என்பதால் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர்தான். மணமாகாத பெண்களும் கைம்பெண்களும்கூட விண்ணப்பிக்க முடிந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் பட்டா உடனே கைக்கு வராது. வீடு கட்டி, உழுது பயிரிட்டு, 5 ஆண்டுகள் அங்கேயே குடியிருந்ததை இரண்டு சாட்சிகளை வைத்து நிரூபிக்க வேண்டும். பணக்காரருக்குக் குறுக்குவழி இருந்தது: 6 மாதம் இருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டினால் போதும். கூலி ஆட்களின் பெயரில் விண்ணப்பம் போட்டு நிலத்தை வளைத்தவர்கள் இந்த வழியாகத்தான் நுழைந்தார்கள். மொத்தத்தில் சுமார் 40 லட்சம் விண்ணப்பங்களில் பட்டா வரை போனவை சுமார் 16 லட்சம்.

நெப்ராஸ்கா, கன்சாஸ் சமவெளிகளில் மரம் ஆற்றோரத்தில் மட்டுமே. எனவே கட்டுரையின் படத்தில் உள்ள மரவீடு அங்கே பலருக்கு எட்டாத பொருள். அவர்கள் வீடு கட்டியது புல்தரையையே பெயர்த்து. மண் ஈரமாக இருக்கும்போது தனி வகைக் கலப்பையால் 1 அடி அகலம், 4 அங்குலக் கனத்தில் நீளமாகச் சீவி, மண்வெட்டியால் 2 முதல் 3 அடித் துண்டுகளாக வெட்டுவார்கள். பெரிய கட்டி ஒன்று 20 கிலோவுக்கு மேல் கனக்கும். அன்றன்று அடுக்க முடிந்த அளவுக்கே வெட்ட வேண்டும், காய்ந்தால் உதிர்ந்துவிடும். புல் பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, சில வரிசைகளுக்கு ஒருமுறை குறுக்காக அடுக்கிப் பிணைப்பார்கள். 2 அடிக்கு மேல் கனமான சுவர் நாளாக ஆக அமுங்கும். அதனால் ஜன்னல் சட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டுக் கந்தல் துணி அடைப்பார்கள். இல்லாவிட்டால் கண்ணாடி நொறுங்கும். இந்த வீடு கோடையில் குளுமை, குளிரில் கதகதப்பு, எளிதில் தீப்பிடிக்காது. தொல்லை கூரையில்தான். அதுவும் மண்ணும் புல்லுமே என்பதால், வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே சேறு சொட்டிக்கொண்டிருக்கும். பாம்பும் விழும். மேலே மல் துணி கட்டிச் சமாளித்தார்கள். அடுப்புக்கு விறகில்லாத இடத்தில் நம்மூர் வறட்டிதான், காட்டெருமைச் சாணத்தில்.

முதல் ஆண்டு விளைச்சலை நம்ப முடியாது. வேர்கள் மக்காத நிலத்தில் கோடரியால் கீறி மக்காச்சோளம் போட்டு மிதித்து மூடுவார்கள், வந்தது லாபம். மேட்டு நிலத்தில் கிணறு 100 அடிக்கு மேலும் போகும். ரயில் பாதையை ஒட்டிய நிலத்தில் பெரும்பகுதி ரயில் நிறுவனங்களுக்குப் போய்விட்டதால், விளைந்ததை நிலையத்துக்குக் கொண்டுசேர்ப்பதும் பெரும்பாடு.

எல்லாவற்றுக்கும் மேலாக, 160 ஏக்கர் என்ற கணக்கே கிழக்குப் பகுதியின் மழையை வைத்துப் போடப்பட்டது. மேற்கு 100 பாகைத் தீர்க்கரேகையைத் தாண்டினால் ஆண்டு மழை பொதுவாக 20 அங்குலத்துக்கும் குறைவு. அங்கே மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்று 1878லேயே நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். ‘உழுதால் மழை தானே வரும்’ என்ற நம்பிக்கை கொடிகட்டிப் பறந்த காலம். அவர் பேச்சு எடுபடவில்லை. 1890களின் வறட்சியில் ஏராளமானோர் வீட்டைப் போட்டுவிட்டுக் கிழக்கே திரும்பினார்கள். 1909இல்தான் வறண்ட பகுதிகளுக்கு அளவு 320 ஏக்கர் ஆனது.

கட்டுரை ‘ஆளில்லாத நிலம்’ என்கிறது. அது பானீ, ஒமாஹா, லகோட்டா போன்ற பழங்குடி மக்களின் நிலம். 1887இன் டாஸ் சட்டம் அவர்களிடம் எஞ்சியிருந்த, இனம் முழுவதற்கும் பொதுவான நிலத்தையும் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் எனக் கூறுபோட்டு, ‘உபரி’யை வெள்ளையருக்குத் திறந்துவிட்டது. அந்த ஆண்டில் சுமார் 13.8 கோடி ஏக்கராக இருந்த பழங்குடி நிலம், 1934இல் 4.8 கோடி ஏக்கர். தொடரின் அடுத்த பகுதியில் இந்தச் சட்டத்தையும் சேர்த்து, 1862க்குப் பக்கத்தில் வைத்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியை ஒருவர்,
கரூர்