எஃகு திடீரென்று படிகமாவதில்லை

ஆசிரியருக்கு,

கரும்பாலையில் கியர் சக்கரம் உடைந்து அரவை நின்றுபோன செய்தியில், பல வருட அதிர்வில் எஃகு படிகமாக மாறிவிட்டதுதான் காரணம் என்று ஒருவர் சொன்னதை அப்படியே போட்டிருக்கிறீர்கள். பவுண்டரியில் காலம் தள்ளியவன், சும்மா இருக்க முடியவில்லை. லேடிலில் (உருகிய எஃகை ஏந்தும் பெரிய வாளி) இருந்து மோல்டுக்குள் (மணல் அச்சு) ஊற்றி உறைந்த அன்றைக்கே எஃகு முழுக்கப் படிகம்தான், அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய குருணைகள்தான். கால்வனைஸ்டு வாளியில் பூப்பூவாகத் தெரிகிறதே, அதுவும் உறைந்த துத்தநாகத்தின் படிகங்களே.

ஊற்றியதும் மணல் சுவரைத் தொட்ட எஃகு சட்டென்று குளிர்வதால் அங்கே பொடிப்பொடியாகப் படிகங்கள் கட்டும், அப்புறம் அவற்றில் சில மட்டும் உள்நோக்கி நீளும், கிளைக்குமேல் கிளை விட்டுக்கொண்டு. ரஷ்யாவில் 100 டன் எஃகுக் கட்டி ஒன்றில், உறையும்போது சுருங்கி விழுந்த குழியில் இப்படி வளர்ந்த 39 செ.மீ. படிகம் கிடைத்தது, செர்னோவ் படிகம் என்று அதற்குப் பெயரே உண்டு. தொல்லை எல்லாம் கடைசியில் உறையும் இடத்தில்தான். உறையும்போது எஃகு 3 சதவீதம் போலச் சுருங்கும், ரைசரில் (சுருங்கும் இடத்தை நிரப்ப மோல்டில் வைக்கும் கூடுதல் உலோகத் தேக்கம்) இருந்து உருகிய எஃகு அங்கே போய்ச் சேராவிட்டால் கிளைகளுக்கு நடுவே பொத்தல் விழும், கந்தகமும் பாஸ்பரசும் அங்கேயே ஒதுங்கும். சக்கரத்தின் ஆரக்காலும் விளிம்பும் சேரும் தடித்த இடம் இதற்குப் பேர்போனது.

1842இல் பிரான்சில் வெர்சாய் அருகே ரயில் எஞ்சின் அச்சு முறிந்து பலர் இறந்தபோதும், இரும்பு படிகமாகிவிட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள். ஸ்காட்லாந்து பொறியாளர் ரேங்கின் அப்போதே அதை மறுத்தார். 1903இல் ஆய்வாளர்கள் யூயிங்கும் ஹம்ஃப்ரியும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் காட்டினார்கள்: திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கும்போது, ஏற்கெனவே இருக்கும் படிகங்களுக்குள் வழுக்கல் கோடுகள் (அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவிய தடங்கள்) விழுந்து, அவைதான் விரிசலாகின்றன. மிச்சமிருக்கும் பகுதி கடைசியில் பட்டென்று உடையும்போது படிகங்கள் தட்டையாகப் பிளந்து மினுங்கும், அந்த மினுக்கைப் பார்த்துத்தான் இந்தக் கதையே.

படிகமாகிவிட்டது என்று சொன்னால் யார் மேலும் பழி வராது, அதுதான் வசதி. விரிசல் எந்த இடத்தில் தொடங்கியது, அங்கே சுருக்கப் பொத்தல் இருந்ததா, வார்ப்படத்தை வாங்கும்போது அல்ட்ராசோனிக் சோதனை (உள்ளே இருக்கும் பொத்தலை ஒலி அலையால் கண்டுபிடிப்பது) செய்தார்களா என்று உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும். உடைந்த பக்கத்தின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற பவுண்டரி மேற்பார்வையாளர்,
கோவை